எரிமலை ஏன் அங்கே நிற்கிறது? நிலப்படத்தை வைத்துக் கண்டறியும் முறை

ஓர் எரிமலையின் பெயரை மட்டும் கொடுத்து, அது ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்டால், பெரும்பாலோர் பள்ளியில் படித்த பசிபிக் நெருப்பு வளையத்தைச் சொல்லி நிறுத்திக்கொள்வார்கள். அந்த விடை தவறன்று. ஆனால் ஐஸ்லாந்துக்கும் ஹவாய்க்கும் கிளிமஞ்சாரோவுக்கும் அது பொருந்தாது; பசிபிக் கரையிலேயே பல நூறு கிலோமீட்டர் நீளத்துக்கு ஓர் எரிமலைகூட இல்லாத பகுதிகள் இருப்பதையும் அது விளக்காது. பூமியின் வெளிப்புறத்தை மூடி மெல்ல நகரும் பெரும் பாறைப் பலகைகளாகிய புவித்தட்டுகளைப் பற்றிய அடிப்படை அறிவும் ஒரு நல்ல நிலப்படமும் இருந்தால், எந்த எரிமலைக்கும் அதன் காரணத்தை நாமே ஏறத்தாழக் கணித்துவிடலாம். எரிமலை இருக்கக்கூடாத இடத்தையும் சொல்லிவிடலாம். அதற்கான வழிமுறையை, நம் பக்கத்துக் கடலான அந்தமான் கடலை முதன்மை எடுத்துக்காட்டாக வைத்து, இங்கே விளக்குகிறேன்.

மூன்று பொருட்கள் வேண்டும். முதலாவது, கடலடியின் மேடுபள்ளங்களை நிறவேறுபாட்டால் காட்டும் உலகப் படம். நாட்டு எல்லைகளை மட்டும் காட்டும் அரசியல் படம் இதற்கு உதவாது. இரண்டாவது, நிலநடுக்கங்களின் இடத்தையும் ஆழத்தையும் காட்டும் படம். அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் இணையத்தளத்தில் இதைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். மூன்றாவது, எரிமலைகளின் இருப்பிடப் பட்டியல். ஸ்மித்சோனியன் நிறுவனம் உலகம் முழுவதற்குமாக ஒன்றைத் தொகுத்து வைத்திருக்கிறது. பட்டியலைக் கடைசியில்தான் திறக்க வேண்டும். முதலிலேயே திறந்துவிட்டால் கணிப்பதற்கு எதுவும் மிஞ்சாது.

முதலில் களைய வேண்டிய ஒரு தவறான எண்ணம்

நம் காலடியில் எங்கே தோண்டினாலும் கற்குழம்புக் கடல் இருக்கிறது, மேலோட்டில் விரிசல் விழும் இடத்தில் அது பீறிட்டு வருகிறது என்ற எண்ணம் பலரிடம் உண்டு. பாடநூல் படங்களில் மேலோட்டுக்குக் கீழே உள்ள கவசத்துக்குச் சிவப்பும் ஆரஞ்சும் பூசிவிடுவதால் வந்த வினை இது. உண்மையில் கவசம் திடப் பாறையாகும். மிகவும் சூடான, கோடிக்கணக்கான ஆண்டுகளில் மெல்ல மெல்ல நகரக்கூடிய பாறை என்றாலும், அது பாறைதான். 100 கி.மீ. ஆழத்தில் வெப்பநிலை ஏறத்தாழ 1300 டிகிரி செல்சியஸை எட்டினாலும், மேலே அழுத்திக்கொண்டிருக்கும் எடை அதனை உருக விடுவதில்லை. அதே பாறை மேற்பரப்பில் இருந்திருந்தால் 1200 டிகிரிக்குள்ளாகவே உருகத் தொடங்கியிருக்கும்.

ஆகவே நாம் கேட்க வேண்டிய கேள்வி, பூமி எங்கே சூடாக இருக்கிறது என்பதன்று. உருகாமல் இருக்கும் பாறைக்கு உருக ஒரு காரணம் எங்கே கிடைக்கிறது என்பதே. அப்படிப்பட்ட காரணங்களில் இரண்டை நன்கு பிடித்துக்கொண்டால் பெரும்பாலான எரிமலைகள் விளங்கிவிடும்.

ஒன்று, அழுத்தம் குறைவது. பிரஷர் குக்கருக்குள் இருக்கும் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் அடங்கியிருப்பதையும், ஆவியைச் சட்டென்று வெளியேற்றினால் அடுப்பின் சூடு கூடாமலேயே உள்ளே தளதளவென்று கொதிப்பதையும் சமையலறையில் பார்த்திருப்போம். கவசப் பாறையும் அப்படித்தான். அது சூடு குறையாமல் மேல்நோக்கி எழுந்தால் போதும், கூடுதல் வெப்பம் ஏதும் வேண்டாம், ஒரு பகுதி தானாகவே உருகிவிடும். மற்றொன்று, தண்ணீர் சேர்வது. சூடான கவசப் பாறைக்குள் சிறிதளவு நீர் புகுந்தாலும் அதன் உருகுநிலை சில நூறு டிகிரி அளவுக்குக் குறைந்துவிடும். இதற்குச் சமையலறையில் சரியான ஒப்புமை கிடைப்பதில்லை. வெறும் வாணலியில் வெல்லக்கட்டியை இளக்குவதற்கும் இரண்டு கரண்டித் தண்ணீர் விட்டு இளக்குவதற்கும் உள்ள வேறுபாட்டை நினைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

புவித்தட்டுகள் விலகும் இடத்தில் முதல் காரணம் கிடைக்கிறது. ஒரு தட்டு மற்றொன்றின் கீழ் அமிழும் இடத்தில் இரண்டாவது கிடைக்கிறது. இரண்டும் பக்கவாட்டில் உரசிச் செல்லும் இடத்தில் பொதுவாக எதுவும் கிடைப்பதில்லை. இந்த மூன்று வாக்கியங்களை மனத்தில் வைத்துக்கொண்டு படத்தை விரிக்கலாம்.

அந்தமான் கடலில் ஒரு பயிற்சி

வங்காள விரிகுடாவின் கிழக்கு ஓரத்தைப் பாருங்கள். சுமத்ராவுக்குத் தென்மேற்கே, கரைக்கு இணையாக, கரும்நீல நிறத்தில் ஒடுங்கிய பள்ளம் ஒன்று வளைந்து செல்லும். அதுவே சுண்டா அகழி. சாவகத்தீவுக்கு (ஜாவா) தெற்கே அதன் ஆழம் 7000 மீட்டரைத் தாண்டுகிறது. ஆழ்கடல் அகழி என்பது ஒரு தட்டு மடங்கிக் கீழே இறங்கத் தொடங்கும் வாயில். அகழியைக் கண்டதும் பென்சிலால் அதன்மேல் ஒரு கோடு இழுங்கள்.

அடுத்து, எந்தத் தட்டு அமிழ்கிறது, எந்தப் பக்கமாக அமிழ்கிறது என்று கண்டறிய வேண்டும். இதற்கு நிலநடுக்க ஆழப் படம் உதவும். அகழியை ஒட்டி, ஆழம் குறைந்த நடுக்கங்களைக் காட்டும் புள்ளிகள் நெருக்கமாக இருக்கும். சுமத்ரா, சாவகத்தீவு பக்கம் நகர நகர நடுக்கங்களின் ஆழம் கூடிக்கொண்டே போகும். சாவகத்தீவுக்கு வடக்கே கடலடியில் 600 கி.மீ.க்கும் கீழே கூட நடுக்கங்கள் பதிவாகின்றன. அமிழும் தட்டு, தான் இறங்கும் பாதை நெடுகிலும் நடுங்குவதால், அந்தப் புள்ளிகளைச் சேர்த்துப் பார்த்தால் சாய்ந்து இறங்கும் ஒரு பலகையின் வடிவம் தெரியும். ஜப்பானின் கியோ வாடாட்டியும் பின்னர் அமெரிக்காவின் ஹூகோ பெனியாஃபும் இதைக் கண்டறிந்ததால், இப்பலகை அவ்விருவர் பெயராலேயே வழங்குகிறது. புள்ளிகள் எந்தப் பக்கம் ஆழமாகின்றனவோ அந்தப் பக்கத்தில்தான் எரிமலைகள் இருக்கும். அகழியின் மறுபக்கத்தில் தேடுவது வீண்.

மூன்றாவது படி, எவ்வளவு தொலைவில் என்பது. அமிழும் தட்டு கடலுக்கடியில் பல கோடி ஆண்டுகள் கிடந்ததால், அதன் கனிமங்களுக்குள்ளேயே நீர் கட்டுண்டிருக்கும். கீழே இறங்க இறங்க வெப்பமும் அழுத்தமும் ஏறி, அந்த நீரைப் பிழிந்தெடுக்கின்றன. தட்டு ஏறத்தாழ 100 கி.மீ. ஆழத்தை அடையும் இடத்தில், வெளியேறிய நீர் மேலேயுள்ள சூடான கவசப் பாறைக்குள் ஏறி அதை உருக்குகிறது. உருகியது மேலெழுந்து, நேர் மேலே எரிமலையாகிறது. ஆக, தட்டு 100 கி.மீ. ஆழத்தை அடையும் இடம் அகழியிலிருந்து எவ்வளவு தொலைவு என்று தெரிந்தால் போதும். தட்டு 45 டிகிரி சாய்வில் இறங்கினால் 100 கி.மீ.; 30 டிகிரி என்றால் 173 கி.மீ.; 20 டிகிரி என்றால் 275 கி.மீ. பள்ளிக் கணக்கின் டேன்ஜென்ட் இங்கே பயன்படுகிறது. நடைமுறையில் தட்டு தொடக்கத்தில் மெதுவாகச் சாய்ந்து பின்னர்தான் செங்குத்தாகும் என்பதால், உண்மைத் தொலைவு இக்கணக்கைவிடக் கூடுதலாகவே வரும். உலகின் பல அகழிகளில் அது 150 முதல் 300 கி.மீ.க்குள் அமைகிறது. சாவகத்தீவின் மெராபி, அகழியிலிருந்து ஏறத்தாழ 300 கி.மீ. தள்ளி நிற்கிறது.

ஆகையால் அகழிக்கு இணையாக, 200 முதல் 300 கி.மீ. உள்ளே தள்ளி மற்றொரு கோட்டை இழுத்துக்கொள்ளுங்கள். இப்போது எரிமலைப் பட்டியலைத் திறக்கலாம். சாவகத்தீவின் எரிமலைகள், 1883 ஆகஸ்டில் வெடித்த கிரகடோவா, சுமத்ராவின் முதுகெலும்பாகிய பாரிசான் மலைத்தொடர், ஏறத்தாழ 74,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்து இன்று 100 கி.மீ. நீள ஏரியாகக் கிடக்கும் தோபா ஆகியவை அந்தக் கோட்டை ஒட்டியே வரிசையாக விழும். தோபா கக்கிய சாம்பல் ஆந்திரத்தின் நந்தியால் மாவட்டத்து ஜுவாலாபுரத்தில் மண்ணடுக்குகளுக்கு இடையே இன்றும் காணக் கிடைக்கிறது என்பதைச் சேர்த்துச் சொன்னால், இந்தக் கோடு நமக்கு எவ்வளவு நெருக்கமானது என்பது விளங்கும்.

இனி வடக்கே வாருங்கள். நான் முதன்முதலாக இப்பயிற்சியைச் செய்தபோது இங்கேதான் தவறினேன். சுமத்ராவுக்கு வடக்கே வில்போல் வளைந்து கிடக்கும் அந்தமான் நிக்கோபார் தீவுகளைப் பார்த்ததும், எரிமலை வரிசை இதுவே என்று குறித்துவிட்டேன். பட்டியலைத் திறந்தபோது அத்தீவுகளில் ஒன்றுமில்லை. காரணம் எளிது: அவை அகழிக்கு மிக அருகில் இருக்கின்றன. அமிழும் தட்டின்மேல் படிந்திருந்த வண்டல், மேல்தட்டின் விளிம்பில் வழித்தெடுக்கப்பட்டுக் குவிந்ததாலும், கடலடிப் பாறைத் துண்டுகள் அதனுடன் சேர்ந்து உயர்ந்ததாலும் உண்டான மேடு அது. சுமத்ராவுக்கு மேற்கேயுள்ள நியாஸ், மென்தவாய் தீவுகளும் இதே வகையைச் சேர்ந்தவை. தட்டு அங்கே இன்னும் நீரைப் பிழியும் ஆழத்துக்கு இறங்கவில்லை. அந்தமானின் பாராடாங் தீவில் சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டப்படும் சேற்று எரிமலையைச் சான்றாகக் கொண்டு வாதிட வேண்டாம். வண்டலுக்குள் அடைபட்ட வாயுவும் நீரும் சேற்றைத் தள்ளிக்கொண்டு வரும் குமிழி அது. கற்குழம்புக்கும் அதற்கும் தொடர்பில்லை.

தீவு வரிசையைத் தாண்டிக் கிழக்கே போனால், போர்ட் பிளேரிலிருந்து (இன்றைய ஸ்ரீ விஜயபுரம்) வடகிழக்காக ஏறத்தாழ 140 கி.மீ. தொலைவில், அகழியிலிருந்து 200 கி.மீ.க்கு மேல் தள்ளி, பாரன் தீவு தனியே நிற்கிறது. இந்தியாவின் ஒரே செயல்படும் எரிமலை இதுதான். குறுக்களவு 3 கி.மீ. அளவே உள்ள, மக்கள் வாழாத தீவு. கடல்மட்டத்துக்கு மேலே 350 மீட்டர் அளவே தெரிந்தாலும், அதன் அடிவாரம் 2000 மீட்டருக்கும் கீழே கடலடியில் இருக்கிறது. 1787-இல் முதன்முதலாகப் பதிவுசெய்யப்பட்ட வெடிப்புக்குப் பின் சில முறை கனன்று, ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு அடங்கிக்கிடந்து, 1991-இல் மீண்டும் வெடித்தது; அதன் பின்பு 2005, 2017 உள்ளிட்ட ஆண்டுகளில் அவ்வப்போது சாம்பலும் குழம்பும் கக்கிவருகிறது. பாரனுக்கு வடக்கு வடகிழக்கே ஏறத்தாழ 135 கி.மீ. தள்ளி 710 மீட்டர் உயரமுள்ள நார்கொண்டம். அது அடங்கிக் காடு மூடிய எரிமலை. உலகில் வேறெங்கும் இல்லாத ஓர் இருவாச்சிப் பறவை இனம் அந்த ஒற்றை மலையில் மட்டும் வாழ்கிறது. இரண்டு தீவுகளையும் இணைத்துக் கோட்டை வடக்கே நீட்டினால் அது மியான்மரின் போப்பா மலைக்குப் போய்ச் சேரும்.

சாவகத்தீவில் எரிமலைகள் நெருக்கியடித்து நிற்க, அந்தமான் பக்கம் மட்டும் ஏன் இத்தனை அரிதாக இருக்கின்றன என்ற கேள்வி இங்கே எழ வேண்டும். தட்டின் நகர்வுத் திசையை அம்புக்குறியாக வரைந்து பாருங்கள். சாவகத்தீவில் அம்பு அகழியை ஏறத்தாழ நேராகக் குத்துகிறது. ஆண்டுக்கு 6 முதல் 7 செ.மீ. வரை தட்டு உள்ளே இறங்குகிறது. அகழி வடக்கு நோக்கி வளைந்துகொண்டே போவதால், அந்தமானை அடையும்போது அம்பும் அகழியும் கிட்டத்தட்ட ஒரே திசையில் ஓடுகின்றன. தட்டு இறங்குவதைவிட உரசிச் செல்வதே அங்கு மிகுதி. இறங்கும் பாறை குறைவு என்றால் கீழே போய்ச் சேரும் நீரும் குறைவு.

ஒரு நடைமுறைச் சிக்கலையும் சொல்லிவிட வேண்டும். சுண்டா அகழி வடக்கே செல்லச் செல்லப் படத்தில் மங்கிக்கொண்டே போகும். இமயத்திலிருந்து கங்கையும் பிரம்மபுத்திராவும் கொண்டுவந்து கொட்டிய வண்டல் அதைத் தூர்த்துவிட்டது. அகழி கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நிலநடுக்கங்களையே நம்ப வேண்டும். 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவுக்கு அருகே தொடங்கிய 9.1 அளவுள்ள நிலநடுக்கத்தின் முறிவு, 1200 கி.மீ.க்கும் மேல் வடக்கே அந்தமான் வரை ஓடியது. நாகப்பட்டினம் கரையை அழித்த ஆழிப்பேரலையை எழுப்பியதும் அந்த முறிவுதான். முறிவு ஓடிய நீளத்தை வரைந்தால், வண்டலில் மறைந்த அந்த எல்லை தானாகவே வெளிப்பட்டுவிடும். அதற்குச் சில மாதங்கள் கழித்து, 2005 மே மாதத்தில் பாரன் வெடித்ததைச் சுட்டி, நிலநடுக்கமே எரிமலையை எழுப்பியது என்று சிலர் உறுதியாகச் சொல்வதுண்டு. நாள்கள் நெருங்கிவருவது மட்டும் காரணத்துக்குச் சான்றாகாது. அதிலும் 1991 முதலே விழித்திருந்த எரிமலை அது.

தட்டுகள் விலகும் இடங்கள்

இவற்றைப் படத்தில் காண்பது எளிது. அட்லாண்டிக்கின் நடுவே, இரு கரைகளின் வளைவுக்கும் இணையாக, ஒரு நீண்ட மேடு வடக்கிலிருந்து தெற்கே ஓடும். இந்தியப் பெருங்கடலிலும் பசிபிக்கிலும் இதன் தொடர்ச்சிகள் உண்டு. எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 65,000 கி.மீ. நீளம். தட்டுகள் விலக, இடைவெளியை நிரப்பக் கீழிருந்து கவசப் பாறை எழ, அழுத்தம் குறைந்து அது உருகுகிறது. பூமி உண்டாக்கும் கற்குழம்பின் மிகப்பெரும் பங்கு இங்கேதான் வெளிவருகிறது. ஆனால் 2000, 3000 மீட்டர் நீருக்கடியில் நடப்பதால் யார் கண்ணிலும் படுவதில்லை. எரிமலை என்றவுடன் கூம்பு வடிவ மலையையே நினைத்துப் பழகிவிட்ட நமக்கு இது ஒரு வகையில் ஏமாற்றம்தான்.

இந்த முகடு நீருக்கு மேலே தலைகாட்டும் பெரிய நிலப்பரப்பு ஐஸ்லாந்து. அங்கே வட அமெரிக்கத் தட்டும் யூரேசியத் தட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 செ.மீ. வீதம் விலகுகின்றன. 2010-இல் ஐரோப்பிய விமானங்களை நிறுத்திவைத்த எரிமலையும், 2023 நவம்பரில் கிரின்டாவிக் ஊர் மக்களை ஒரே இரவில் வெளியேற வைத்த நிலப்பிளவும் இந்த எல்லையை ஒட்டியே இருக்கின்றன. விலகும் எல்லையில் ஐஸ்லாந்து மட்டும் இத்தனை உயரமாக இருப்பதற்கு இரண்டாவதாக ஒரு காரணமும் உண்டு. வெப்பப் புள்ளிகளைப் பற்றிச் சொல்லும்போது அது விளங்கும்.

கண்டத்துக்குள்ளும் விலகல் நடக்கலாம். செங்கடலின் தென்முனையிலிருந்து எத்தியோப்பியா, கென்யா, தான்சானியா வழியாக நீண்ட ஏரிகளும் பள்ளத்தாக்குகளும் வரிசையாக இறங்குவதைப் பாருங்கள். ஆப்பிரிக்கா அங்கே கிழிந்துகொண்டிருக்கிறது. கிளிமஞ்சாரோவும், 2021-இல் காங்கோவின் கோமா நகரின் ஓரம் வரை குழம்பை ஓடவிட்ட நியிராகோங்கோவும், எத்தியோப்பியாவின் எர்ட்டா ஆலேயும் அந்தக் கிழிசலோடு சேர்ந்தவை. 2025 நவம்பரில் எத்தியோப்பியாவின் ஹைலி குப்பி வெடித்தபோது அதன் சாம்பல் மேகம் செங்கடலையும் அரபிக்கடலையும் கடந்து டெல்லி வான்பரப்பு வரை வந்தது. இங்கே அகழியைத் தேடினால் கிடைக்காது. ஏரிகளின் வரிசையைத்தான் தேட வேண்டும்.

எல்லைகளுக்கு வெகு தொலைவில்

ஹவாயின் கிலாவேயா, மிக அருகிலுள்ள தட்டு எல்லையிலிருந்தே 3000 கி.மீ.க்கு அப்பால் இருக்கிறது. இங்கே மேற்சொன்ன கோடுகள் ஒன்றும் பயன்படா. இவ்வாறான இடங்களில் எரிமலையை விட்டுவிட்டு அதன் வாலைத் தேட வேண்டும். ஹவாய்த் தீவிலிருந்து வடமேற்காகத் தீவுகள் வரிசையாகச் சிறுத்துக்கொண்டே போய், நீரில் மூழ்கிய மலைகளாகி, பின்னர் சட்டென்று வடக்கே திரும்பி, கம்சட்கா முனை வரை ஏறத்தாழ 6000 கி.மீ. நீளுகின்றன. கவசத்தின் ஆழத்திலிருந்து ஓரிடத்தில் சூடான பாறை தூணாக எழுகிறது. அதற்குமேல் தட்டு நகர்ந்துகொண்டே இருக்கிறது. எரிமலை பிறந்து, தட்டோடு நகர்ந்து, ஊற்றைப் பிரிந்து அணைய, அதே இடத்தில் அடுத்தது பிறக்கிறது. கனடாவின் துசோ வில்சன் 1963-இல் முன்வைத்த இவ்விளக்கத்தையே வெப்பப் புள்ளி என்கிறோம். தீயின் தெய்வமாகிய பெலே, கவாய் தீவில் தொடங்கித் தீவு தீவாகத் தென்கிழக்கே இடம்பெயர்ந்து கிலாவேயாவில் குடியேறினாள் என்பது ஹவாய் மக்களின் தொன்மம். தீவுகளின் வயது வரிசையும் அதுவே.

இந்த வாலைக் கொண்டு தட்டின் வேகத்தைக்கூடக் கணக்கிடலாம். கவாய் தீவு கிலாவேயாவிலிருந்து ஏறத்தாழ 500 கி.மீ. தொலைவில் உள்ளது, அதன் பாறைகளின் வயது ஏறத்தாழ 50 லட்சம் ஆண்டுகள். 5 கோடி செ.மீ.யை 50 லட்சத்தால் வகுத்தால், ஆண்டுக்கு 10 செ.மீ. வரிசை வடக்கே திரும்பும் முழங்கையின் வயது ஏறத்தாழ 4 கோடியே 70 லட்சம் ஆண்டுகள்.

இந்தியாவுக்கும் இப்படியொரு வால் உண்டு. 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன், இன்றைய ரீயூனியன் தீவின் கீழிருக்கும் ஊற்றின்மேல் இந்தியத் தட்டு கடந்தபோது, தக்காணத்தில் எரிமலைக்குழம்பு அடுக்கடுக்காகப் பரந்தது. இன்றும் ஏறத்தாழ 5 லட்சம் சதுர கி.மீ. பரப்பை மூடியிருக்கும் அந்தக் கரும்பாறையைக் குடைந்துதான் அஜந்தாவும் எல்லோராவும் ஆக்கப்பட்டன. தட்டு வடக்கே நகர நகர, லட்சத்தீவு, மாலத்தீவு, சாகோஸ் என்று தெற்கு நோக்கி இளமையாகிக்கொண்டே போகும் எரிமலை மேடுகள் உண்டாயின. இன்று அவற்றின் தலையில் பவளப்பாறை மூடியிருப்பதால் எரிமலைத் தீவுகள் என்றே தோன்றாது. நடுவே மத்திய இந்தியப் பெருங்கடல் முகடு குறுக்கிட்டு வாலை இரண்டாக வெட்டிவிட்டது; முகட்டுக்கு அப்பால், தமிழ் வம்சாவளியினர் பலர் வாழும் மொரீசியசும் ரீயூனியனும் அதன் தொடர்ச்சி. ரீயூனியனின் பித்தோன் தெ லா ஃபூர்னேஸ் இன்றும் அடிக்கடி குழம்பு கக்குகிறது. தக்காணத்தில் எரிமலைப் பாறை மிகுந்திருந்தும் எரிமலை ஒன்றுகூட இல்லாதது ஏன் என்று கேட்பவருக்கு, ஊற்று இடம் மாறவில்லை, நாம்தான் நகர்ந்துவிட்டோம் என்பதே விடை.

ஐஸ்லாந்துக்கு மேற்சொன்ன இரண்டாவது காரணமும் இதுதான்: விலகும் முகடும் ஒரு வெப்பப் புள்ளியும் அங்கே ஒரே இடத்தில் சேர்ந்துகொண்டன.

எரிமலை இல்லாத இடங்களைச் சோதிப்பது

ஒரு முறை சரியானதா என்று அறிய, அது இல்லை என்று சொல்லும் இடங்களைப் பார்க்க வேண்டும். இமயத்தை எடுத்துக்கொள்வோம். இரு தட்டுகள் ஆண்டுக்கு ஏறத்தாழ 5 செ.மீ. வீதம் முட்டிக்கொண்டிருக்கும் எல்லை அது. எனினும் எவரெஸ்ட் எரிமலையன்று. இரு பக்கமும் கண்டங்கள். கண்டப் பாறை எடை குறைந்தது, கவசத்துக்குள் ஆழமாக இறங்காது. நீர் சுமந்த கடலடித் தட்டு இன்று அங்கே இறங்குவதில்லை. மோதலுக்கு முன் இரண்டுக்கும் இடையே தெதிஸ் கடல் இருந்தபோது நிலைமை வேறு. அக்கடலின் தரை அமிழ்ந்த காலத்தில் எரிமலைகளுக்கு அடியில் உறைந்த கற்குழம்பு, இன்று லடாக்கில் கருங்கல் மலைகளாக வெளியே தெரிகிறது.

இதைவிட நுட்பமான சோதனை ஆண்டிஸ் மலைத்தொடர். கரையோரமாக அகழி முறிவின்றி ஓடுகிறது, நாஸ்கா தட்டு தென் அமெரிக்காவின் கீழே அமிழ்கிறது, நீரும் உண்டு. நம் விதிப்படி எரிமலைகள் இடைவெளியின்றி வரிசையாக நிற்க வேண்டும். ஆனால் வடக்கு, நடுப் பெருவிலும், தெற்கே 28 முதல் 33 டிகிரி அட்சம் வரை சிலி, அர்ஜென்டினா எல்லையிலும் செயல்படும் எரிமலை ஒன்றுகூட இல்லை. அமெரிக்கக் கண்டங்களிலேயே உயரமான அக்கோன்காகுவா, 6961 மீட்டர், இந்த வெற்றிடத்தில்தான் இருக்கிறது. நிலநடுக்க ஆழப் படத்தை மீண்டும் எடுத்துப் பாருங்கள். மற்ற இடங்களில் ஆழம் சீராகக் கூட, இங்கே மட்டும் ஏறத்தாழ 100 கி.மீ. ஆழத்தில் நின்றுவிட்டு, பல நூறு கி.மீ. தொலைவுக்குப் புள்ளிகள் கிடைமட்டமாகவே போகும். அமிழும் தட்டு படுத்துக்கொண்டே நகர்கிறது என்று பொருள். அதற்கும் மேல்தட்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய சூடான கவச ஆப்பு பிதுங்கி வெளியேறிவிட்டதால், நீர் வந்தாலும் அதை வாங்கிக்கொண்டு உருக அங்கே பாறை இல்லை. தட்டு மறுபடி சரிந்து இறங்கும் தெற்குப் பெருவில், அரெகிப்பா நகருக்குப் பின்னால் எல் மிஸ்தி எழுந்து நிற்கிறது. அகழியைக் கண்டவுடன் எரிமலைக் கோட்டை இழுத்துவிடாமல், நடுக்கங்களின் ஆழத்தைப் பார்த்த பிறகே இழுக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

எந்த விதிக்கும் அடங்காதவையும் சில உண்டு. கொரிய, சீன எல்லையிலுள்ள பெக்து மலை ஜப்பான் அகழியிலிருந்து 1000 கி.மீ.க்கும் அப்பால் இருந்தும் பொ.ஆ. 946-இல் மிகப் பெரிதாக வெடித்தது. அதன் கீழே, ஏறத்தாழ 600 கி.மீ. ஆழத்தில், அமிழ்ந்த தட்டு தேங்கிக் கிடப்பது தெரியும். அது எவ்வாறு குழம்பை உண்டாக்குகிறது என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு நீடிக்கிறது. கணிப்பு பொய்க்கும் இடங்களை அழிக்காமல் தனியே ஒரு தாளில் குறித்து வையுங்கள்.

நிறைவாக, மூன்று வகை எல்லைகளையும் ஒரே பார்வையில் சோதிக்க அமெரிக்காவின் மேற்குக் கரையைப் பாருங்கள். வாஷிங்டன், ஓரிகன் மாநிலங்களுக்கு அப்பால் கடலில், ஹுவான் தெ ஃபூக்கா என்ற சிறு தட்டு கண்டத்தின் கீழே அமிழ்கிறது. அகழி வண்டலால் தூர்ந்திருப்பதால் படத்தில் தெரியாது. ஆயினும் 1980 மே 18 அன்று வெடித்த செயின்ட் ஹெலன்ஸ் உட்பட எரிமலைகள் உள்நாட்டில் கரைக்கு இணையாக வரிசையாக நிற்கின்றன. அத்தட்டின் மேற்கு விளிம்பில் விலகும் முகடும், அங்கே கடலடி எரிமலைகளும் உண்டு. தெற்கே, கலிபோர்னியாவின் மென்டசீனோ முனையில், அட்சம் 40.4 டிகிரியில், அமிழ்தல் முடிகிறது. அங்கிருந்து தட்டுகள் பக்கவாட்டில் உரசும் சான் ஆன்ட்ரியாஸ் பிளவு தொடங்கி, ஏறத்தாழ 1200 கி.மீ. ஓடுகிறது. நிலநடுக்கங்களுக்கு அங்கே குறைவில்லை. மென்டசீனோ முனையில் அளவுகோலை வைத்து நேர் கிழக்கே ஒரு கோடு இழுங்கள். எரிமலை வரிசையின் தென்கோடியில், 1914 முதல் 1917 வரை வெடித்த லாசன் சிகரம் அட்சம் 40.5 டிகிரியில் நிற்கிறது. அதற்குத் தெற்கே அந்த வரிசை இல்லை; அங்குள்ள சில எரிமலைகள் வேறு காரணங்களால் வந்தவை. மூன்று தட்டுகள் சந்திக்கும் மென்டசீனோ முச்சந்தியோ வடக்கு நோக்கி மெல்ல நகர்ந்துகொண்டிருக்கிறது. அமிழும் தட்டின் விளிம்பும் அதனுடன் லாசனை விட்டு வடக்கே விலகுகிறது. வரிசையில் லாசனுக்கு வடக்கே அடுத்து நிற்கும் பெரிய மலை சாஸ்தா.